கீகேட்ல (சர்க்யூட் போர்டு டிசைன் பண்ற சாஃப்ட்வேர்) யூஎஸ்பி லைன் போடுறவங்களுக்கு ஒரு குறிப்பு

யூஎஸ்பி 2.0-க்கு டிஃபரன்ஷியல் இம்பீடன்ஸ் (ஜோடியா போற ரெண்டு லைனும் சேர்ந்து சிக்னலுக்குக் காட்டுற எதிர்ப்பு) 90 ஓம் வரணும், இதுக்கு டிராக் (போர்டுல இருக்கிற செம்புக் கோடு) அகலத்த ஒவ்வொரு தடவையும் கையால மாத்திட்டு இருக்காதீங்க. போர்டு செட்டப்ல யூஎஸ்பிக்குன்னு தனி நெட் கிளாஸ் (நெட்னா ஒரு கனெக்ஷன், ஒரே விதி வர்ற நெட்டெல்லாம் ஒரு கிளாஸ்) போட்டு அகலம், ரெண்டு டிராக்குக்கும் நடுவுல இருக்கிற கேப் ரெண்டையும் அதுலயே குடுத்துடுங்க. ரெண்டு நெட்டுக்கும் பேரு ஒண்ணாவே இருக்கணும், கடைசியில மட்டும் பிளஸ், மைனஸ் (இல்ல அண்டர்ஸ்கோர் போட்டு பி, என்) வரணும், அப்பதான் சாஃப்ட்வேர் அத ஜோடின்னு புரிஞ்சுக்கும், அப்புறம் 6-ங்கிற கீய தட்டினா ரெண்டு டிராக்கும் சேர்ந்தே ஓடும்.

அகலம் எவ்ளோன்னு கேட்டா, அது உங்க ஸ்டாக்கப்ப (போர்டுல செம்பு லேயரும் நடுவுல இருக்கிற இன்சுலேஷனும் அடுக்கியிருக்கிற விதம்) பொறுத்தது. டிராக்குக்கும் கீழ இருக்கிற கிரவுண்டுக்கும் எவ்ளோ தூரம், அதான் மெயின். உதாரணத்துக்கு, எஃப்ஆர்4-ல (போர்டுக்கு வழக்கமா போடுற மெட்டீரியல்) ஜோடி இல்லாத 50 ஓம் சிங்கிள் டிராக்குக்கு, 1.6 மிமீ ரெண்டு லேயர் போர்டுல கிட்டத்தட்ட 3 மிமீ அகலம் வேணும், அதே நாலு லேயர்ல கிரவுண்டு 0.2 மிமீ கீழ இருந்தா 0.4 மிமீக்குள்ள முடிஞ்சிடும். அதனால முடிஞ்சா நாலு லேயருக்கே போங்க. போர்டு போட்டுத் தர்றவங்க கிட்ட ஸ்டாக்கப் விவரம் வாங்கி, கீகேட் கூடவே வர்ற கால்குலேட்டர்ல கப்பிள்டு மைக்ரோஸ்டிரிப் (கிரவுண்டுக்கு மேல பக்கத்துப் பக்கத்துல ஓடுற ரெண்டு டிராக்) எடுத்து கணக்கு போடுங்க. அந்த ஜோடிக்கு அடியில கிரவுண்ட மட்டும் எங்கயும் வெட்டிடாதீங்க.