எருக்கில் தொடங்குங்கள்: பூவின் வடிவத்தைப் படிக்கும் முறை

ஒரு குண்டூசி, ஒரு அளவுகோல், ஒரு நோட்டு போதும். மண்டபம், பாம்பன் பக்கம் சாலையோரமெங்கும் எருக்கு நிற்கிறது. செடி தேடி அலைய வேண்டாம்.

படி 1: எருக்கம்பூ

பூவின் நடுவே ஐங்கோண மேடை இருக்கும். மூலைக்கொரு கரும்புள்ளி, அதன் கீழே ஒரு மெல்லிய பிளவு. குண்டூசியைப் பிளவின் அடியில் நுழைத்து மெதுவாக மேலே இழுங்கள். கரும்புள்ளி ஊசியைக் கவ்விக்கொண்டு வெளியே வரும். அதில் இரண்டு மஞ்சள் மகரந்தத் திரள்கள் தொங்கும். முதல் முயற்சியில் வராவிட்டால் அடுத்த மூலை இருக்கிறது.

ஊசி செய்ததைக் கருவண்டின் கால் செய்கிறது. தேனுக்காக மேடையைப் பற்றும்போது கால் பிளவில் வழுக்கி விழுகிறது. உருவி எடுக்கையில் திரளும் கூடவே வருகிறது. வலுவற்ற சிறு பூச்சி மாட்டிக்கொண்டு சாவதும் உண்டு. எருக்கம்பால் கண்ணில் படவே கூடாது; கையை உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

படி 2: ஆவாரம்பூ

இதில் தேன் கிடையாது. மகரந்தப் பையின் நுனியில் சிறு துளை மட்டும். வண்டு பூவை இறுகப் பிடித்து உடலை அதிரச் செய்தால்தான், உப்புக் குடுவையைக் கவிழ்த்து உலுக்கியதுபோல மகரந்தம் கொட்டும். அருகில் நின்றால் ரீங்காரம் மாறுவது கேட்கும்.

படி 3: குழலை அளத்தல்

கடலோர வேலிகளில் வளரும் சங்கங்குப்பியின் வெள்ளைப் பூக்களைப் பறித்து, ஒவ்வொன்றின் குழல் நீளத்தையும் குறியுங்கள். வெவ்வேறு செடிகளில் எடுப்பது முக்கியம். எண்கள் ஒன்றுபோல இருக்காது.

பூச்சிக்கு ஏற்பப் பூ தன்னை மாற்றிக்கொண்டது என்று சிலர் எழுதுவார்கள். எந்தப் பூவும் அப்படி முடிவெடுப்பதில்லை. குழல் குட்டையாக இருந்தால், நீண்ட நாக்குள்ள அந்துப்பூச்சி மகரந்தத்தைத் தொடாமலே தேனைக் குடித்துப் போய்விடும். சற்று நீண்ட குழலில் அது முகத்தை அழுத்தியாக வேண்டும். அந்தச் செடிக்கு விதை கூடுகிறது. நீளம் மரபுவழி வருவதென்றால் தலைமுறைதோறும் நீண்ட குழல்கள் பெருகும். மடகாஸ்கர் ஆர்க்கிட் ஒன்றின் ஏறத்தாழ 30 செ.மீ. தேன்குழலைக் கண்ட டார்வின், அவ்வளவு நீண்ட நாக்குள்ள அந்துப்பூச்சி இருந்தாக வேண்டும் என்று 1862இல் எழுதினார். அப்படிப்பட்ட பூச்சிக்கு 1903இல் அறிவியல் பெயரிட்டார்கள்.

படி 4: திருடர்களை நீக்குதல்

வடிவத்தை மட்டும் பார்த்து இன்ன பூவுக்கு இன்ன பூச்சி என்று முடிவுகட்டாதீர்கள். எறும்பு வரும், பூவின் அடியைக் கிழித்துத் தேன் குடிக்கும் வண்டும் வரும். மகரந்தத்தைத் தொடாமல் தேனை மட்டும் குடித்துப்போகும் இவைதான் திருடர்கள். மகரந்தத்தையும் சூலக முடியையும் (மகரந்தத்தை ஏற்கும் நுனி) தொட்ட பூச்சியை மட்டும் தனிப் பத்தியில் எழுதுங்கள். கடற்கரை மணலில் படரும் அடப்பங்கொடியைக் காலையிலும் சங்கங்குப்பியை அந்தியிலும் கவனியுங்கள்.