இ-சேவை மையத்தில் யாருடைய போன் நம்பரைக் கொடுத்தீர்கள்?

ஒரு வருமானச் சான்றுக்காகத் தாலுகா அலுவலக வாசலில் நாள் முழுக்கக் காத்துக் கிடந்த காலம் பெரும்பாலும் போய்விட்டது. இன்று கடைத்தெருவிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ ஒரு இ-சேவை மையம் இருக்கிறது. 2025 ஜூலை 15 அன்று சிதம்பரத்தில் தொடங்கிய ‘உங்களுடன் ஸ்டாலின்’ அரசு முகாம்கள், கிராமங்களுக்கு 15 துறைகளின் 46 சேவைகளைக் கொண்டுவந்தன. ஆனாலும், எழுதிக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்களை எங்கள் தெருவில் இன்னும் பார்க்கிறேன். அவர்களில் பலருக்கும் சிக்கல் தொடங்கிய இடம் ஒன்றுதான்: போன் நம்பர்.

முதல்முறை சான்றுக்கு விண்ணப்பிக்கும்போது ‘கேன்’ எண் என்று ஒன்றைப் பதிவு செய்வார்கள். உங்கள் பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாம் அதில் ஏறும். அப்புறம் எடுக்கிற சாதி, வருமானம், இருப்பிடச் சான்றுகள் எல்லாமே அதை வைத்துத்தான். “போன் வீட்ல இருக்குண்ணே, உங்க நம்பரையே போட்டுக்கங்க” என்று சொல்லிவிட்டு வந்தால், அன்றே பாதை மாறிவிடுகிறது. மையம் பக்கத்தில் வந்துவிட்டதே தவிர, விண்ணப்பம் விஏஓ, ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் என்று பழைய வழியில்தான் போகிறது. இடையில் ஒருவர் “நகல் தெளிவாக இல்லை” என்று திருப்பிவிட்டால், குறுஞ்செய்தி மையத்துக்காரர் போனுக்குப் போகும். தினமும் எத்தனையோ பேரின் செய்தி வருகிற போன் அது.

பக்கத்து வீட்டு அக்காவின் மகளுக்கு முதல் பட்டதாரி சான்று இப்படித்தான் நின்றுபோனது. கலந்தாய்வு நெருங்கிய பிறகு, ஒப்புகைச் சீட்டில் இருந்த எண்ணை இணையத்தில் போட்டுப் பார்த்தோம். மூன்று வாரத்துக்கு முன்பே திரும்பியிருந்தது. அந்தச் சீட்டையாவது பத்திரமாக வைத்திருந்தார்களே என்று இருந்தது. சொந்த நம்பரைக் கொடுங்கள். போன் இல்லாத பெரியவர்கள் மகன், மகள் நம்பரைக் கொடுக்கட்டும். பழைய கேன் எண்ணில் வேறு யாருடைய நம்பராவது இருந்தால், மையத்திலேயே திருத்தச் சொல்லுங்கள்.

அடுத்தது எழுத்து. விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். பின்னால் வரிசை நிற்கிறதே என்று கூச்சப்பட வேண்டாம். ஆதாரில் இனிஷியல் பெயருக்கு முன்னால், மாற்றுச் சான்றிதழில் பின்னால், குடும்ப அட்டையில் இனிஷியலே இல்லை என்று பல வீடுகளில் இருக்கிறது. பள்ளிச் சான்றிதழில் உள்ளபடியே எல்லா இடத்திலும் போடச் சொல்வதுதான் பிள்ளைகளுக்கு நல்லது என்பேன்.

அசல் ஆவணங்களை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். வருமானச் சான்று போன்றவற்றுக்கு மையத்தில் கட்டணம் 60 ரூபாய். ரசீது கேட்டு வாங்குங்கள். வந்த சான்றிதழுக்கு முத்திரை குத்த மறுபடி தாலுகா அலுவலகத்துக்கு அலைய வேண்டாம். அதில் மின்னணுக் கையொப்பமும் கியூஆர் கோடும் இருக்கின்றன, அதுவே போதும்.

பிறப்பு, இறப்புப் பதிவில் செய்கிற தவறு வேறு மாதிரி. பிறப்பைப் பதிந்துவிட்டு, குழந்தைக்குப் பெயர் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். முதல் 12 மாதத்துக்குள் சேர்த்தால் கட்டணம் இல்லை. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட் என்று எதற்கும் பிறந்த தேதிக்கான சான்று அந்தப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றுதான். அதனால், நாள் நட்சத்திரம் பார்த்துப் பெயர் வைத்த கையோடு பதிவேட்டிலும் ஏற்றிவிடுங்கள்.

இறப்பு விஷயத்தில், உயிர் பிரிந்த இடத்தில்தான் பதிவு என்பது பலருக்கும் தெரிவதில்லை. மதுரை ஆஸ்பத்திரியில் இறந்தவருக்குச் சொந்த ஊர் விஏஓ சான்று தர முடியாது. கிராமத்தில் வீட்டிலேயே நடந்த இறப்பு என்றால் விஏஓவிடம் நாம்தான் போய்ச் சொல்ல வேண்டும். வீட்டில் நடந்த இறப்புகள்தான் இப்படிப் பதிவாகாமல் விட்டுப்போகின்றன. வாரிசுச் சான்று கேட்கும்போதுதான் அது தெரியவரும். 21 நாளுக்குள் சொன்னால் கட்டணம் கிடையாது; ஒரு வருடம் தாண்டிவிட்டால் கோட்டாட்சியர் உத்தரவு வரை போக வேண்டியிருக்கும். துக்க வீட்டில் இதை யார் நினைப்பார்கள்? பதினாறாம் நாள் காரியத்துக்குப் போகிற உறவுக்காரர் யாராவது மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். அப்போது இன்னும் ஐந்து நாள் இருக்கும்.