உயிரினப் பரவல் தரவை எக்செல்லுக்குக் கொண்டுபோகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேரளத்தின் இரவிகுளம் தேசியப் பூங்காவில் பார்த்த வரையாடு ஒன்றை 10.2031, 77.0542 என்று குறித்திருக்கிறீர்கள் என வைத்துக்கொள்வோம். முதலில் அட்சரேகை, அப்புறம் தீர்க்கரேகை. வாயால் சொல்வதும் அப்படித்தான். ஆனால் ஓர் இனம் எங்கெல்லாம் வாழக்கூடும் என்று கணிக்கும் மென்பொருளான மேக்ஸென்ட் எதிர்பார்க்கும் வரிசை வேறு: இனப்பெயர், தீர்க்கரேகை, அட்சரேகை. இதைக் கவனிக்காமல் ஏற்றுமதி செய்தால் ஆடு நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே ஆர்க்டிக் கடலில் போய் நிற்கும். வரைபடத்தில் ஒருமுறை போட்டுப் பார்த்தால் உடனே பிடிபட்டுவிடும் தவறு இது.

கண்ணில் படாத தவறுகள்தான் எனக்குக் கவலை. பெரும்பாலும் அவை சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த எளிய அட்டவணைக் கோப்பு) இரட்டைச் சொடுக்கில் திறந்து, அப்படியே சேமிப்பதில் தொடங்குகின்றன. எக்செல் சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது, கட்டத்தில் தெரிவதைத்தான் எழுதும். அழகுக்காக இரண்டு தசம இடங்களாகக் குறைத்திருந்தால், 77.0542 கோப்பில் 77.05 ஆகிவிடும். மீதி எண்கள் திரும்பி வராது. இப்படி முழுமையாக்கும்போது ஒரு புள்ளி அரை கிலோமீட்டருக்கு மேல்கூட நகரலாம். இவ்வகைக் கணிப்புக்குப் பயன்படும் வேர்ல்டுகிளிம் என்ற காலநிலைத் தரவின் மிக நுண்ணிய கட்டமே சுமார் 1 கிலோமீட்டர்தான். ஆகவே புள்ளி பக்கத்துக் கட்டத்துக்குத் தாவிவிடலாம். செங்குத்துப் பாறையில் வாழும் விலங்குக்கு, பக்கத்துக் கட்டம் என்பது பல நூறு மீட்டர் கீழே இருக்கும் தேயிலைச் சரிவாக இருக்கலாம். மேக்ஸென்ட் உருவாக்கும் கணிப்பு மாதிரி அந்த வெப்பநிலையையும் வரையாட்டுக்கு ஏற்றதென்று கற்றுக்கொள்ளும்.

தேதிக்கும் இதே கதி. 2019-04-03 என்பதை எக்செல் 03-04-2019 ஆக்கிச் சேமித்துவிட்டால், அமெரிக்க அமைப்புள்ள கணினி அதை மார்ச் 4 என்று படிக்கும். ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் தனித்தனி நெடுவரிசையில் வைத்துவிடுங்கள்.

உயிரினப் பதிவுகளைத் திரட்டித் தரும் ஜிபிஐஎஃப் தளத்தின் எளிய பதிவிறக்கம் சிஎஸ்வி என்ற பெயரில் வந்தாலும் உள்ளே பிரிப்பது காற்புள்ளி அல்ல, டேப். அதனால் ‘தரவு’ பட்டியில் உள்ள இறக்குமதி வழியாகத் திறப்பதே சரி. அங்கே யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தைத் தேர்ந்தெடுத்தால் தமிழ்ப் பெயர்களும் சிதையாது. அடையாள எண்களை எழுத்தாகவே வைக்கச் சொல்லுங்கள். எண்ணில் 15 இலக்கத்துக்கு மேல் வரும் இலக்கங்களை எக்செல் பூஜ்யமாக்கிவிடும்.

ராஸ்டரிலிருந்து (கட்டத்துக்கு ஒரு மதிப்பு கொண்ட வரைபடக் கோப்பு) எடுத்த அட்டவணை என்றால் −9999 இருக்கிறதா என்று தேடுங்கள். அது ‘தரவு இல்லை’ என்பதற்கான குறி. அதையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் மலையின் வெப்பநிலை பூஜ்யத்துக்கு எங்கோ கீழே போய்விடும். அதை வெற்றுக் கட்டமாக மாற்றுங்கள், 0 போடாதீர்கள். அப்புறம், எக்செல் தாளில் 10,48,576 வரிசைகள்தான் கொள்ளும். இந்தியா முழுவதையும் 1 கிலோமீட்டர் கட்டங்களாக எடுத்தால் 30 லட்சத்தைத் தாண்டும். வெட்டுப்பட்ட கோப்பைச் சேமித்துவிட்டால் மீதி போனதுதான்.