ஹெலி சத்தம் கேட்டதும் கெமராவைத் தூக்குவதற்கு முன்: இராணுவ விமானங்களைப் படம் எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹெலி சத்தம் கேட்டால் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளின் பிள்ளைகள் எல்லாம் வாசலுக்கு ஓடி வந்து அண்ணாந்து பார்ப்பார்கள். நானும் அப்படி ஓடியவன்தான். இன்றைக்கும் அந்தச் சத்தம் கேட்டால் கை தானாகக் கெமராவைத் தேடும். இலங்கை மலையகத்தில் ஹப்புத்தளை, பண்டாரவளைப் பக்கம் பல வருடமாகப் படம் எடுத்து வருகிறேன். கூடப் பழகும் தம்பிமார் எடுத்த படங்களையும் அனுப்புவார்கள். அவற்றில் அதே பிழைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. கொஞ்சம் கெமராவில் நடப்பவை. மற்றவை கெமராவைத் தூக்குவதற்கு முன்பும், படத்துக்குக் கீழே இரண்டு வரி எழுதும்போதும் நடப்பவை. அவைதான் பெரிய பிழைகள் என்பது என் எண்ணம்.

முதலில் எங்கே போவது என்பது. "தியத்தலாவையில் விமானப்படை முகாம் இருக்கிறதே அண்ணே, அங்கே போனால் ஜெட் பார்க்கலாமா?" என்று கேட்பார்கள். பார்க்க முடியாது. அது ஆட்களைப் பயிற்றுவிக்கும் முகாம். எப்போதாவது ஹெலி வந்து இறங்கும், அவ்வளவுதான். ஜெட் என்றால் கட்டுநாயக்க. ஹெலி என்றால் ஹிங்குராங்கொட, அநுராதபுரம். வை-12 போன்ற சின்னப் போக்குவரத்து விமானங்களுக்கு இரத்மலானை. பயிற்சி விமானங்களுக்குச் சீனன்குடா. இது தெரியாமல் விடுமுறை நாளைச் செலவழித்து தியத்தலாவை ரோட்டில் நின்றால் புல்வெளி மேடும் ஆமி லொறியும்தான் கிடைக்கும். அந்த லொறியையும் படம் எடுக்கக்கூடாது.

வேலி ஓரத்தில் நின்று எடுப்பது அடுத்த பிழை. இதை நான் செய்திருக்கிறேன், அதனால் விரிவாகவே சொல்கிறேன். ஒரு முகாமுக்கு வெளியே, பொது ரோட்டில்தான் நின்றேன். உள்ளே இறங்க வந்த ஹெலியை நோக்கி 300 மில்லிமீற்றர் லென்ஸைத் தூக்கினேன். நாலு படம்கூட எடுத்திருக்க மாட்டேன். பின்னால் ஒரு சிப்பாய் வந்து நின்றார். "மல்லி, மெதன பொட்டோ கன்ன பே" என்றார். தம்பி, இங்கே படம் எடுக்க முடியாது என்று மெதுவாகத்தான் சொன்னார். நான் பயத்தில் அவசர அவசரமாகப் படங்களை அழிக்கத் தொடங்கினேன். அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. அப்புறம் அடையாள அட்டை, வீட்டு விலாசம், யார் அனுப்பினார்கள், லென்ஸ் எங்கே வாங்கினாய் என்று காவலறை வாங்கில் மூன்று மணிநேரம். அழிக்காமல் கெமராவை நீட்டி, "சேர், பிழை என்னுடையது, பாருங்கள்" என்று சொல்லியிருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும் என்று பிறகு ஒரு பெரிய அதிகாரி சொல்லி அனுப்பினார்.

பொது ரோட்டில் நின்றால் சட்டம் ஒன்றும் செய்யாது என்று நினைக்காதீர்கள். 1955ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க அரச இரகசியங்கள் சட்டம் இன்னமும் நடைமுறையில் இருக்கிறது. தடைசெய்யப்பட்ட இடம் என்று அறிவிக்கப்பட்ட இடத்தை அனுமதியின்றிப் படம் எடுப்பது அதன்படி குற்றம். தடைப் பலகை இல்லாததை அனுமதி என்று எடுத்துக்கொள்ள முடியாது. பேதுருதாலகால உச்சியும் பாதுகாப்புப் பகுதிதான். 2,524 மீற்றர் உயரத்தில் நின்றால் காட்சி அழகாகத்தான் இருக்கும், ஆனால் அங்கே இருக்கும் கோபுரங்களின் பக்கம் லென்ஸைத் திருப்ப வேண்டாம். ட்ரோன் வைத்திருப்பவர்கள் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் பதிவும் அனுமதியும் இல்லாமல் அதைப் பையிலிருந்து வெளியே எடுக்கவே கூடாது.

2001 ஜூலை 24 அன்று கட்டுநாயக்கவிலும், 2007 ஒக்டோபர் 22 அன்று அநுராதபுரத்திலும் தளத்துக்குள்ளேயே தாக்குதல் நடந்தது. விமானங்கள் நின்ற இடத்திலேயே எரிந்தன. அந்த நினைவோடு காவலில் நிற்பவருக்கு, வேலிக்கு வெளியே நீண்ட லென்ஸோடு நிற்கும் ஆள் எப்படித் தெரிவான் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். நம் பக்கத்திலும் ஒரு நினைவு இருக்கிறது. யுத்த காலத்தில் தமிழ்ப் பெயருள்ள அடையாள அட்டையும் கெமராவும் ஒரே பையில் இருப்பதை என் அப்பா விரும்பவே மாட்டார். கலியாண வீட்டுக்குப் படம் எடுக்கப் போனால்கூட அழைப்பிதழைக் கையோடு கொண்டு போகச் சொல்வார். இப்போது நிலைமை மாறிவிட்டது. ஆனாலும் ஒருவர் வேலியோரம் மாட்டிக்கொண்டால், அடுத்த மாதம் கண்காட்சிக்கு அனுமதி கேட்டுப் போகும் தம்பிக்கும் கேள்வி கூடும்.

நேர்வழி ஒன்றும் அரிதில்லை. விமானப்படை பிறந்தது 1951 மார்ச் 2. அந்த நாளையொட்டி நடக்கும் நிகழ்ச்சிகளைக் கவனித்து வாருங்கள். 70ஆவது ஆண்டுக்கு, 2021இல், காலிமுகத்திடலில் இந்தியாவின் சூரிய கிரண் சாகசப் பறப்பு அணியும் தேஜஸ் போர் விமானமும் பறந்தபோது யார் வேண்டுமானாலும் நின்று படம் எடுக்க முடிந்தது. பெப்ரவரி 4 சுதந்திர தின அணிவகுப்புக்கு முந்திய நாட்களில் ஒத்திகைப் பறப்பு நடக்கும். இரத்மலானையில் விமானப்படை அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய விமானங்களின் பக்கத்திலேயே நின்று பார்க்கலாம். ஒரு விமானத்தை அடையாளம் காணப் பழகுவதற்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாது.

அடையாளம் காண்பது பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். சத்தமாகப் பறக்கும் எல்லா ஜெட்டையும் நம் ஆட்கள் "கிபிர்" என்கிறார்கள். அது இஸ்ரேலில் செய்த ஒரு வகைப் போர் ஜெட்டின் பெயர் மட்டும்தான். ஹீப்ரு மொழியில் அந்தச் சொல்லுக்குச் சிங்கக் குட்டி என்று அர்த்தம். வடக்கிலிருந்து வந்து நம் ஊரில் கலியாணம் செய்திருக்கும் ஒரு அக்காவுக்கு, யுத்தத்தில் குண்டு போட்ட அந்த விமானத்தின் பெயரைக் கேட்டாலே கை நடுங்கும். எந்த விமானத்தின் படத்துக்கும் அந்தப் பெயரைப் போடுவதற்கு முன் நான் இரண்டு தடவை யோசிப்பதற்கு அவரும் ஒரு காரணம்.

மற்ற ஜெட்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். கிபிருக்கு முக்கோண இறக்கை. காற்று உள்வாங்கும் வாய் இரண்டு பக்கமும் இருக்கும், அதன் மேலே சின்னதாக இன்னொரு சோடி இறக்கை நீட்டிக்கொண்டிருக்கும், வாலில் கிடையான இறக்கை இருக்காது. எஃப்-7க்குக் காற்று போகும் வாய் மூக்கிலேயே இருக்கும், வட்டமாக, நடுவில் கூம்பு. வாலில் கிடை இறக்கையும் உண்டு. மிக்-27க்கு இறக்கை உடம்பின் மேல்பக்கம் பொருத்தியிருக்கும், முன்னும் பின்னும் மடக்கக்கூடியது. கே-8 இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்காரும் பயிற்சி ஜெட், இறக்கை நேராக இருக்கும்.

ஹெலிகளுக்கு இன்னும் இலகு. மேல் விசிறியின் இறக்கைகளை எண்ணினால் போதும். பெல் 212க்கு இரண்டு, பெல் 412க்கு நாலு, எம்ஐ-17க்கு ஐந்து. இரண்டு இறக்கை என்பதால்தான் பெல் 212 பள்ளத்தாக்குக்குள் வரும்போது "டப் டப்" என்று நெஞ்சில் அடிக்கிற மாதிரிக் கேட்கும். எம்ஐ-17இன் சத்தம் தொடர்ந்த உறுமல். கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம்.

விமானம் சரியாக இருந்தாலும் ஸ்குவாட்ரனைப் பிழையாக எழுதுவார்கள். தளமும் ஸ்குவாட்ரனும் ஒன்றல்ல. தளம் நிலம். ஸ்குவாட்ரன் என்பது ஆட்களும் விமானங்களும் சேர்ந்த அணி, அது இடம் மாறும். இலக்கம் 6 வவுனியாவில் தொடங்கிய எம்ஐ-17 அணி, பிறகு அநுராதபுரத்துக்குப் போனது. பழைய படத்தில் வவுனியா என்று இருப்பதைப் பார்த்து இன்றைய படத்துக்கும் அதையே போட்டால் பிழை. ஹிங்குராங்கொடயில் பெல் 212 பறக்கும் இலக்கம் 7உம் எம்ஐ-24 பறக்கும் இலக்கம் 9உம் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவை. அங்கே எடுத்தேன் என்ற ஒன்றை மட்டும் வைத்து இலக்கம் எழுத முடியாது.

விமானமும் அணி மாறும். மிக்-27 2000ஆம் ஆண்டு வந்தபோது, 1991இல் தொடங்கிய இலக்கம் 5 ஜெட் ஸ்குவாட்ரனில்தான் சேர்ந்தது. 2007இல்தான் அதற்கென்று இலக்கம் 12 பிரிந்தது. அப்படியென்றால் 2003இல் எடுத்த மிக்-27 படத்துக்கு "12ஆம் ஸ்குவாட்ரன்" என்று எழுதுபவர், அந்த நாளில் இல்லாத ஒன்றை எழுதுகிறார். 1996இல் இருந்து கிபிருக்கு இலக்கம் 10. 2021இல் ஐந்து கிபிர்களைப் புதுப்பிக்க இஸ்ரேல் நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஆனது. புதுப்பித்த பின் உள்ளே இருக்கும் கருவிகள் மாறும், வெளியே பார்த்தால் லேசில் தெரியாது. ஆகவே படம் எடுத்த திகதியை விட்டுவிட்டால் அந்தப் படத்தின் பாதிப் பெறுமதி போய்விடும். ஐக்கிய நாடுகள் பணிக்காக வெள்ளை நிறம் பூசிய எம்ஐ-17களும் உண்டு. அதைப் பார்த்து வெளிநாட்டு ஹெலி என்று எழுதிவிடாதீர்கள்.

இனிக் கெமரா. எல்லாரும் செய்யும் பிழை, ஷட்டரை இரண்டாயிரத்தில், அதாவது நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கில், வைத்துவிட்டு அழுத்துவது. ஜெட்டுக்குச் சரி. ஹெலிக்கு வைத்தால் விசிறி அப்படியே உறைந்து, பொம்மை ஹெலியை நூலில் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கும். பெல் 212இன் விசிறி நிமிடத்துக்கு ஏறத்தாழ 324 சுற்று. நூற்று இருபத்தைந்தில் ஒரு பங்கு நொடியில் இறக்கை பதினைந்து பாகை நகரும். அது நல்ல அசைவு. எம்ஐ-17 மெதுவாகச் சுற்றும், 192 சுற்று. அதே ஷட்டரில் ஒன்பது பாகைதான், அதற்கு அறுபதுக்கு இறங்க வேண்டும், கை நடுங்கக்கூடாது. நான் செய்வது இது: முதலில் வேகமாக இரண்டு படம், இறக்கையை எண்ணவும் வால் இலக்கத்தை வாசிக்கவும். அப்புறம் நூற்று இருபத்தைந்து, இடுப்பைத் திருப்பிக்கொண்டே தொடர்வது.

மலையகத்தில் நமக்குக் கிடைத்திருக்கும் வசதி கீழ்நாட்டில் யாருக்கும் இல்லை. ஹெலி பள்ளத்தாக்கில் போகும், நாம் தேயிலை மலையில் அதற்குச் சமமாகவோ மேலாகவோ நிற்போம். வெள்ளை வானத்துக்குப் பதில் பச்சை மலை பின்னால் வரும். இதை மறந்து, தலைக்கு மேலே வரட்டும் என்று காத்திருந்து வயிற்றை மட்டும் கறுப்பாக எடுக்கிறார்கள். வானம் பின்னால் இருந்தால் எக்ஸ்போஷரை ஒரு படி கூட்டுங்கள், கரும்பச்சை மலை இருந்தால் அரைப்படி குறையுங்கள். சத்தம் வரும் பக்கம் திரும்புவதும் ஏமாற்றும். எதிர்மலையில் பட்டுத்தான் அது வரும். முகில் தாழ்ந்த நாளில் ஹெலி மலை இடைவெளிகள் வழியாகத்தான் நுழையும், அங்கே பாருங்கள். ஹப்புத்தளையில் காலை பத்து மணிக்குப் பிறகு மிஸ்ட் ஏறத் தொடங்கினால் ஓட்டோ ஃபோகஸ் தடுமாறும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஊவாப் பக்கம் தெளிவாக இருக்கும், அதே நேரம் ஹட்டன் பக்கம் மழையில் இருக்கும்.

அனர்த்த நேரத்தில் ஹெலி தோட்டத்து மைதானத்துக்கே வரும். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் அடித்து ரோடுகள் துண்டிக்கப்பட்டபோது அப்படித்தான் வந்தது. அந்த நேரத்தில் படத்துக்காக முன்னே ஓடுவதை என்னால் மன்னிக்க முடியாது. எம்ஐ-17இன் நிறை 13 தொன் வரை போகும். அது கீழே தள்ளும் காற்றில் லயத்துத் தகரம், கொழுந்துச் சாக்கு, குடை எல்லாம் பறக்கும். பின்பக்கத்து வால் விசிறிக்கு அருகே போகவே கூடாது. சரிவில் இறங்கிய ஹெலியின் மேட்டுப் பக்கத்திலிருந்து இறங்கி நடந்து போகக்கூடாது, அந்தப் பக்கம் விசிறி நிலத்துக்குக் கிட்ட இருக்கும். சேலை முந்தானை, தொப்பி, துண்டு எதுவும் தளர்ந்திருக்கக்கூடாது. ஸ்ட்ரெச்சரில் வருபவரின் முகம் படத்துக்கு வேண்டாம்.

பதிவேற்றும்போது போனின் இருப்பிடக் குறியை நிறுத்திவிடுங்கள். பறப்பு நடந்துகொண்டிருக்கும் நேரத்திலேயே போடாமல், முடிந்த பிறகு போடுங்கள்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். நுவரெலியா, பதுளையிலிருந்து இரவு பஸ்ஸில் குளிரோடு வந்து, கொழும்பில் விடியற்காலை இறங்கிய உடனே பையைத் திறந்தால் லென்ஸ் முழுவதும் மிஸ்ட் பிடித்துவிடும். துடைத்தால் கோடு விழும். பையை மூடியபடியே அரை மணிநேரம் வையுங்கள், பக்கத்துக் கடையில் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுத் திறங்கள். திரும்பி வந்ததும் லென்ஸை அப்படியே காம்பராவின் (லயத்து அறையின்) மூலையில் போட்டுவிடாதீர்கள். நம் ஈரத்துக்கு இரண்டு மழைக்காலம் போதும், கண்ணாடிக்குள் பூஞ்சை வேர் பிடிக்கும். காற்றுப் புகாத பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல் பைகள், அவை நிறம் மாறினால் நல்ல சூட்டில் காயவைத்துத் திரும்பப் போடுவது. என் பழைய 300இன் உள்ளே இருக்கும் அந்த வெள்ளை நூல்களை இப்போதும் டோர்ச் அடித்துத் தம்பிமாருக்குக் காட்டுகிறேன்.