சாதாரணக் கேள்வியை மரபணுத் தரவுத்தள வினவலாக மாற்றுவது எப்படி

"தென்னாசியரிடம் பீட்டா தலசீமியாவை உண்டாக்கும் மரபணு மாற்றங்கள் எவை, அவை எத்தனை பேரிடம் உள்ளன?" என்று ஒரு மருத்துவர் கேட்டால், கேட்பவருக்கு அது தெளிவான ஒரே கேள்வியாகத் தோன்றும். தரவுத்தளங்களைப் பொறுத்தவரை அது இரண்டு கேள்வி. நோய் விளைவிக்கும் மாற்றங்கள், மரபணு மாற்றங்களின் மருத்துவ விளைவைத் தொகுக்கும் கிளின்வார் தரவுத்தளத்தில் பதிவாகியுள்ளன. மக்கள்தொகையில் அவை காணப்படும் விகிதம், பலரின் மரபணு வரிசைகளைத் தொகுத்த நோமாட் தரவுத்தளத்தில் உள்ளது. ஆகவே வினவலை எழுதத் தொடங்கும் முன், கேள்வியின் ஒவ்வொரு சொல்லும் எந்தத் தரவுத்தளத்தின் எந்தப் புலத்தில் அமரும் என்பதைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்.

மரபணுவின் பெயரிலிருந்து தொடங்குவது நல்லது. பீட்டா தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய்க்குக் காரணமான பீட்டா குளோபின் மரபணுவுக்கு ஏற்கப்பட்ட குறியீடு எச்பிபி. அமெரிக்காவின் தேசிய உயிரித்தொழில்நுட்பத் தகவல் மையமான என்சிபிஐ-இன் மரபணுப் பட்டியலில் அதன் எண் 3043. இங்கே சிக்கல் இல்லை. ஆனால் மருத்துவர்கள் அன்றாடம் சொல்லும் ஹெர்2 என்ற பெயர், தரவுத்தளத்தில் இஆர்பிபி2 என்ற குறியீட்டின்கீழ் இருக்கிறது. எனவே எந்தப் பெயரையும் அப்படியே வினவலில் இடாமல், முதலில் அதன் அடையாள எண்ணைத் தேடி உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

மாற்றத்தின் பெயரில்தான் அதிகக் கவனம் தேவை. இந்தியாவில் பீட்டா தலசீமியாவுக்கு மிகப் பரவலான காரணமான மாற்றத்தை ஆய்வகங்கள் நெடுங்காலமாக ஐவிஎஸ் 1-5 என்று அழைத்து வருகின்றன. இன்றைய முறையான பெயர் சி.92+5ஜி>சி. பழைய பெயரைத் தேடுபெட்டியில் இட்டால் கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது. மாற்றங்களுக்கு வழங்கப்படும் அடையாள எண்ணான ஆர்எஸ்33915217-ஐக் கொடுத்தாலும் போதாது. ஏனெனில் அதே இடத்தில் ஜி என்ற டிஎன்ஏ எழுத்து ஏ, சி, டி ஆகிய மூன்றில் எதுவாக மாறினாலும் அந்த ஒரே எண்தான். எச்பிபி மரபணு டிஎன்ஏவின் எதிர் இழையில் அமைந்திருப்பதாலும், ஜி எழுத்துக்கு எதிரே சி அமைவதாலும், ஜி>சி என்று எழுதப்படும் இம்மாற்றம் மரபணுத்தொகுதியின் ஆயங்களில் சி>ஜி என்று பதிவாகிறது. மனித மரபணுத்தொகுதியின் மேற்கோள் வரிசையான ஜிஆர்சிஎச்38 பதிப்பில் அதன் இடம் 11ஆம் குரோமோசோமில் 5226925. ஜிஆர்சிஎச்37 பதிப்பில் 5248155. ஆகவே குரோமோசோம், இடம், மூல எழுத்து, மாறிய எழுத்து, பதிப்பு ஆகிய ஐந்தும் சேர்ந்தால்தான் ஒரு மாற்றம் ஐயமின்றிக் குறிக்கப்படுகிறது. இதே மரபணுவில் அரிவாளணு நோயை உண்டாக்கும் மாற்றத்திலும் இத்தகைய குழப்பம் உண்டு: பழைய நூல்கள் புரதத்தின் 6ஆம் அமினோ அமிலம் என்பதை, தொடக்க மெதியோனினையும் சேர்த்து எண்ணும் இன்றைய முறை 7ஆம் இடம் என்கிறது.

அடுத்தது "உண்டாக்கும்" என்ற வினை. கிளின்வார் மாற்றங்களை ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறது: நோய் விளைவிப்பது, பெரும்பாலும் விளைவிப்பது, உறுதியாகாதது, பெரும்பாலும் தீங்கற்றது, தீங்கற்றது. முதல் இரண்டையும் சேர்ப்பதா, முதலாவதை மட்டும் எடுப்பதா என்பதைக் கேள்வி கேட்டவரே முடிவுசெய்ய வேண்டும். வினவல் எழுதுபவர் தாமாக ஒன்றைத் தேர்ந்துகொண்டு அதைச் சொல்லாமல் விடுவது, விடையைத் திரிப்பதற்கு ஒப்பாகும் என்றே கருதுகிறேன். ஒவ்வொரு பதிவுக்கும் பூச்சியம் முதல் நான்கு வரை மதிப்பாய்வு நட்சத்திரங்கள் உள்ளதால், குறைந்தபட்சம் எத்தனை வேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்ளலாம்.

நோயின் பெயரை வைத்து வடிகட்டுவது இயல்பாகத் தோன்றினாலும், அதை வினவலில் வைக்காதிருப்பதே நல்லது. பல பதிவுகளில் நோய் குறிப்பிடப்படவில்லை என்றே இருப்பதால் அவை விடுபட்டுப்போகும். மரபணுவை மட்டும் கொண்டு அகலமாக எடுத்து, அரிவாளணு மாற்றம் போன்றவற்றைப் பிறகு பிரிப்பது பாதுகாப்பானது.

"எத்தனை பேரிடம்" என்பதற்கு நோமாடில் நேரடி விடை கிடையாது. அங்கே இருப்பது அல்லீல்களின், அதாவது மரபணு நகல்களில் காணப்படும் வடிவங்களின், விகிதம். ஒருவரிடம் இரண்டு நகல்கள் உள்ளதால், மாற்றம் அரிதாக இருக்கும்போது அதைச் சுமப்பவர்களின் விகிதம் ஏறக்குறைய அதன் இரு மடங்கு. கடுமையான குழந்தைப்பருவ நோயுள்ளவர்களை அத்தரவிலிருந்து இயன்றவரை நீக்கியிருப்பதால், நோயாளிகளின் எண்ணிக்கையை அதிலிருந்து எடுக்கக் கூடாது. தென்னாசியர் என்ற குழுவும் ஒரே தொகுதியாகவே தரப்படுகிறது. ஒரு மாவட்டத்துக்கோ சமூகத்துக்கோ உரிய விகிதத்தை அதில் தேட இயலாது.

இவ்வளவும் தெளிந்த பிறகு வினவல் எழுதுவது எளிய வேலை. கிளின்வாரைத் தேடும் என்ட்ரெஸ் முறையில் ஆண்ட், ஆர், நாட் ஆகிய இணைப்புச் சொற்களை ஆங்கிலப் பெரிய எழுத்திலேயே எழுத வேண்டும். அவை இடமிருந்து வலமாகச் செயல்படுவதால், ஆர் வரும் பகுதியை அடைப்புக்குறிக்குள் வைக்காவிட்டால் பொருளே மாறிவிடும். நிரல் வழியாக அனுப்பும்போது, என்சிபிஐ தரும் அடையாளச் சாவி இல்லாமல் நொடிக்கு மூன்று, சாவியுடன் பத்து என்பதே வேண்டுகோள்களின் வரம்பு.

செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரியிடம் இந்த வேலையை ஒப்படைப்பவர்கள் அதன் நினைவிலிருந்து அடையாள எண்களைப் பெறக் கூடாது. மெய்போலத் தோன்றும் தவறான எண்ணை அது தயக்கமின்றித் தந்துவிடக்கூடும். 2023-இல் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் முன்வைத்த ஜீன்ஜிபிடி, மாதிரியை என்சிபிஐ-இன் இணையச் சேவைகளிடமே கேட்டு விடை பெறச் செய்தது இக்காரணத்தால்தான். மாதிரிக்குத் தரவுத்தளத்தின் புலங்களின் பட்டியலைக் கொடுத்து, முதலில் மரபணு, பதிப்பு, வகைப்பாடு, மக்கள்குழு ஆகியவற்றை ஜேசன் என்ற கட்டமைந்த உரை வடிவில் மட்டும் எழுதச் சொல்லுங்கள். மருத்துவர் அதைப் படித்து ஒப்புக்கொண்ட பின்னரே வினவல் உருவாக வேண்டும்.

கடைசியாக, விடை தெரிந்தவற்றைக் கொண்டு சோதியுங்கள். ஐவிஎஸ் 1-5, ஐவிஎஸ் 1-1, கோடான் 8/9, கோடான் 41/42, 619 எழுத்துகள் நீங்கிய மாற்றம் ஆகிய ஐந்தும் இந்தியாவில் நன்கு அறியப்பட்டவை. ஓரெழுத்து மாற்றங்கள் மட்டும் என்று எங்காவது வடிகட்டியிருந்தால் முதல் இரண்டுதான் வரும். எழுத்துகள் சேர்ந்தோ நீங்கியோ உண்டான கடைசி மூன்றும் காணாமல் போயிருப்பதே பிழையைக் காட்டிக்கொடுக்கும். ஐந்தும் வந்த பிறகு, வினவலின் முழு வாசகத்தையும், தரவுத்தளத்தின் பதிப்பையும், எடுத்த தேதியையும் விடையுடன் சேர்த்து மருத்துவரிடம் கொடுங்கள்; கிளின்வாரின் வகைப்பாடுகள் புதுப் பதிவுகள் சேரச் சேர மாறிக்கொண்டேயிருக்கின்றன.