வேப் காயில் தேர்வும் வாட், வெப்பநிலை அமைப்பும்: புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

திரவத்தைச் சூடேற்றி ஆவியாக்கி இழுக்கும் மின்கருவியான வேப் கருவியின் திரையில் வாட் எண்ணை விருப்பம்போல் ஏற்றி இறக்க முடிகிறது என்பதாலேயே, எத்தனை வாட் வைப்பது என்ற கேள்விதான் புதியவர்களிடமிருந்து முதலில் வருகிறது. உண்மையில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. நாம் இழுக்கும் முறையைப் பொறுத்துக் காயிலும் (திரவத்தைச் சூடேற்றும் பகுதி), காயிலைப் பொறுத்துத் திரவமும், இவற்றையெல்லாம் பொறுத்து வாட் அளவும் அமைகின்றன. இந்த வரிசை தலைகீழானால் ஒன்று பஞ்சு கருகும், இல்லையென்றால் டேங்க் ஒழுகும்.

இந்த விளக்கம் ஏற்கெனவே வேப்போ சிகரெட்டோ பயன்படுத்தும் வயது வந்தவர்களுக்கானது. நிக்கோட்டின் அடிமைப்படுத்தும் பொருள். அந்தப் பழக்கமே இல்லாதவர் இதைத் தொடங்க ஒரு காரணமும் இல்லை. விற்பனை, பயன்பாடு பற்றிய சட்டங்கள் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், தாம் வாழும் இடத்தின் சட்டத்தை ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

காயிலுக்குள் நடப்பது

தொழிற்சாலையில் செய்து வரும் காயில் ஒன்றைப் பிரித்துப் பார்த்தால், சிறிய உலோகக் குழலுக்குள் சுருள்கம்பியோ வலைத்தகடோ இருப்பதையும், அதைச் சுற்றிப் பஞ்சு இறுக்கமாகச் சுற்றப்பட்டிருப்பதையும், குழலின் பக்கச்சுவரில் துளைகள் இடப்பட்டிருப்பதையும் காணலாம். டேங்கில் உள்ள திரவம் அந்தத் துளைகள் வழியாகப் பஞ்சில் ஊறுகிறது. பொத்தானை அழுத்தியதும் கம்பி சூடேறி, ஊறிய திரவத்தை ஆவியாக்குகிறது. ஆக, திரவம் ஆவியாகும் வேகம் ஒன்று, பஞ்சு மறுபடியும் நனையும் வேகம் இன்னொன்று. வாட் அளவு முதலாவதைத் தீர்மானிக்கிறது. துளைகளின் அகலம், பஞ்சின் இறுக்கம், திரவத்தின் கெட்டித்தன்மை ஆகியவை இரண்டாவதைத் தீர்மானிக்கின்றன. இனி வரும் எல்லாப் படிகளும் இந்த இரண்டு வேகங்களையும் ஒத்துப்போகச் செய்வதற்கான வழிகள்தாம்.

பஞ்சு நனைந்திருக்கும்வரை வெப்பம் ஒரு கட்டுக்குள் நிற்கும். திரவத்தின் முக்கியக் கூறுகளான புரொப்பிலீன் கிளைக்கால் ஏறத்தாழ 188 டிகிரி செல்சியஸிலும், தாவர கிளிசரின் ஏறத்தாழ 290 டிகிரியிலும் கொதிக்கின்றன. இரண்டும் கலந்த திரவத்தின் கொதிநிலை இந்த இரண்டு அளவுகளுக்கும் இடையில் அமையும். கம்பிக்குக் கொடுக்கும் ஆற்றலின் பெரும்பகுதி திரவத்தை ஆவியாக்குவதிலேயே செலவாவதால் வெப்பநிலை அந்த எல்லையைத் தாண்டி எளிதில் ஏறாது. பஞ்சு உலர்ந்துவிட்டாலோ, செலவழிய வழியில்லாத ஆற்றல் கம்பியின் வெப்பநிலையைச் சட்டென்று ஏற்றிவிடுகிறது. அப்போது பஞ்சு கருகுவதோடு, திரவமும் சிதைந்து ஃபார்மால்டிஹைடு, அக்ரோலீன் போன்ற நச்சுப் பொருள்கள் உருவாகின்றன. ஆகவே தொண்டையைக் கமறச் செய்யும் கருகல் சுவையைச் சகித்துக்கொண்டு தொடரக் கூடாது. அது உடனே நிறுத்தச் சொல்லும் அறிகுறி.

முதல் படி: இழுக்கும் முறையை முடிவுசெய்தல்

சிகரெட்டைப் போலப் புகையை முதலில் வாயில் வாங்கிப் பிறகு நுரையீரலுக்கு இழுப்பவர்களுக்கு 1.0 முதல் 1.8 ஓம் (மின்தடையின் அலகு) வரையிலான காயில்கள் பொருந்தும். இவை பெரும்பாலும் 8 முதல் 15 வாட்டுக்குள் இயங்குகின்றன. மூச்சை நேராக நுரையீரலுக்கே இழுப்பவர்களுக்கு 0.15 முதல் 0.4 ஓம் வரையிலான காயில்களும் 40 வாட்டுக்கு மேற்பட்ட ஆற்றலும் தேவைப்படும். இரண்டுக்கும் நடுவே, காற்றுத்துளையைப் பாதி மூடி நேராக இழுக்கும் முறைக்கு 0.5 முதல் 0.9 ஓம் வரை ஏற்றது. சிகரெட்டிலிருந்து மாறி வருபவர்களுக்கு முதல் வகைதான் பழகியதாக இருக்கும் என்பதால் அதிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. பெரிய மேகம் போன்ற ஆவியைப் பார்த்து நேராகக் குறைந்த ஓமுக்குத் தாவுபவர்கள் பெரும்பாலும் இருமலோடுதான் நிற்கிறார்கள்.

இரண்டாம் படி: ஓம் எண்ணைப் புரிந்துகொள்ளுதல்

ஓம் குறைந்தால் ஆவி கூடும் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. ஆற்றலை மின்னணுச் சில்லு கட்டுப்படுத்தும் கருவிகளில் இது நேரடியாகப் பொருந்தாது. நாம் வைக்கும் வாட் எதுவோ அதைத் தருவதற்கேற்ற மின்னழுத்தத்தைக் கருவியே கணக்கிட்டுக் கொடுக்கிறது. குறைந்த ஓம் காயிலில் பொதுவாக உலோகத்தின் பரப்பு அதிகம். அந்தப் பரப்பு முழுவதையும் சூடேற்ற அதிக வாட் வேண்டும். அதனால்தான் ஆவி கூடுகிறது.

கணக்காகப் பார்த்தால் இது தெளிவாகும். 1.2 ஓம் காயிலை 12 வாட்டில் இயக்க ஏறத்தாழ 3.8 வோல்ட் மின்னழுத்தமும் 3.2 ஆம்பியர் மின்னோட்டமும் போதும். 0.2 ஓம் காயிலை 60 வாட்டில் இயக்கத் தேவைப்படும் மின்னழுத்தம் அதைவிடச் சற்றுக் குறைவாக, ஏறத்தாழ 3.5 வோல்ட்டாக இருக்கும். மின்னோட்டமோ 17 ஆம்பியரைத் தாண்டிவிடும். இதனால்தான் காயிலை மாற்றும்போது பேட்டரியையும் எண்ணிப்பார்க்க வேண்டியிருக்கிறது. 18650 எனப்படும் உருளை வடிவ பேட்டரி ஒன்றில் மட்டும் இயங்கும் கருவியில் 60 வாட் வைத்தால், சார்ஜ் குறையக் குறைய அதே வாட்டைத் தருவதற்காகப் பேட்டரியிலிருந்து இழுக்கப்படும் மின்னோட்டம் கூடிக்கொண்டே போய் 20 ஆம்பியரை நெருங்கும். பேட்டரியின் தொடர் மின்னோட்ட வரம்பு அதற்கு மேல் இருக்கிறதா என்பதைத் தயாரிப்பாளரின் விவரத்தாளில் பார்த்துக்கொள்ள வேண்டும். உறையில் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண் சில நேரங்களில் நொடிநேர உச்ச அளவாக இருப்பதால் அதை நம்பிவிட முடியாது. மேலுறை கிழிந்த பேட்டரியைப் பயன்படுத்தவே கூடாது. சில்லு இல்லாமல் பேட்டரியை நேராகக் காயிலோடு இணைக்கும் மெக்கானிக்கல் மோட் புதியவர்களுக்கானதே அல்ல.

மூன்றாம் படி: கம்பியும் வடிவமும்

காந்தல் என்பது இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த உலோகம். நிக்ரோம் என்பது நிக்கலும் குரோமியமும் கலந்தது. சூடேறினாலும் இவற்றின் மின்தடை அதிகம் மாறுவதில்லை என்பதால் இவை வாட் எண்ணை மட்டும் வைத்து இயக்கும் வாட் முறைக்கு உரியவை. தூய நிக்கலும் டைட்டானியமும் சூட்டில் மின்தடை வெகுவாக மாறும் உலோகங்கள்; இவற்றை ஏழாம் படியில் வரும் வெப்பநிலைக் கட்டுப்பாட்டு முறையில் மட்டுமே பயன்படுத்த வேண்டும், வாட் முறையில் வைக்கவே கூடாது. எஸ்.எஸ். 316 எல் எனப்படும் துருப்பிடிக்காத எஃகு இரண்டு முறைகளிலும் வேலை செய்யும். வடிவத்தைப் பொறுத்தவரை, வலைத்தகட்டுக் காயிலில் வெப்பம் சீராகப் பரவுவதால் நடுப்பகுதி மட்டும் அதிகமாகச் சூடாகும் குறை குறைகிறது. அதேநேரம் அது திரவத்தை விரைவாகத் தீர்த்துவிடும்.

நான்காம் படி: திரவத்தைப் பொருத்துதல்

கிளிசரின் மிகுந்த திரவம் கெட்டியானது. அதைச் சிறு துளைகளுள்ள 1.2 ஓம் காயிலில் ஊற்றினால், பஞ்சு நனையும் வேகம் ஆவியாகும் வேகத்துக்கு ஈடுகொடுக்காது. எனவே உயர் ஓம் காயிலுக்குப் புரொப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும் பாதிப்பாதியாகக் கலந்த திரவமும், அகன்ற துளைகளுள்ள குறைந்த ஓம் காயிலுக்கு 70 விழுக்காடு கிளிசரின் உள்ள திரவமும் பொருந்தும். நீர்த்த திரவத்தைக் குறைந்த ஓம் காயிலில் ஊற்றினால் கசியும்.

நிக்கோட்டின் அளவையும் இங்கேயே முடிவுசெய்ய வேண்டும். ஒரு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் நிக்கோட்டின் உள்ள திரவம் 12 வாட்டில் பொறுத்துக்கொள்ளக்கூடியதாக இருக்கலாம். அதே திரவத்தை 60 வாட் காயிலில் இழுத்தால் ஒவ்வோர் இழுப்பிலும் பல மடங்கு ஆவி உள்ளே போவதால் தலைசுற்றலும் குமட்டலும் வரும். அந்த வகைக் காயில்களுக்கு 3 முதல் 6 மில்லிகிராம்தான் வழக்கம்.

ஐந்தாம் படி: புதுக் காயிலை ஊறவைத்தல்

அவசரத்தில் பலரும் தாண்டிவிடும் படி இது. புதுக் காயிலின் பக்கத் துளைகளில் தெரியும் பஞ்சின் மீது ஒவ்வொரு துளைக்கும் இரண்டு மூன்று சொட்டும், மேல் வாய்வழியே உட்சுவரில் இரண்டு சொட்டும் விட்டு, காயிலைப் பொருத்தி, டேங்கை நிரப்பிப் பத்து நிமிடம் அசையாமல் வைத்திருக்க வேண்டும். வெண்மையாகத் தெரிந்த பஞ்சு ஒளிபுகும் சாம்பல் நிறத்துக்கு மாறினால் நன்கு ஊறிவிட்டது என்று கொள்ளலாம். அதன்பிறகு பொத்தானை அழுத்தாமலே இரண்டு மூன்று முறை மெதுவாக இழுத்தால் நடுவில் எஞ்சியிருக்கும் காற்றுக்குமிழிகளும் வெளியேறிவிடும். ஒருமுறை கருகிய பஞ்சை எத்தனை திரவம் ஊற்றினாலும் மீட்க முடியாது. புதுக் காயில் போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

ஆறாம் படி: வாட் அளவை ஏற்றுதல்

காயிலின் உடலிலேயே 0.4 ஓம், 50 முதல் 60 வாட் என்பது போன்ற அளவு பொறிக்கப்பட்டிருக்கும். கீழ் எல்லையிலிருந்தோ அதற்குச் சற்றுக் கீழிருந்தோ தொடங்கி, ஐந்தாறு இழுப்புக்கு ஒருமுறை 5 வாட் வீதம் ஏற்றலாம். உயர் ஓம் காயிலாக இருந்தால் ஒவ்வொரு வாட்டாகவே ஏற்ற வேண்டும். சுவை முழுமையாகவும் ஆவி இதமான சூட்டிலும் இருக்கும் இடத்தில் நிறுத்திக்கொள்வதே சரி. மேல் எல்லை என்பது நாம் எட்டிப்பிடிக்க வேண்டிய இலக்கு அல்ல. ஆவி மெலிந்து, உள்ளே களகளவென்று சத்தம் கேட்டு, சூடான துளிகள் நாக்கில் தெறித்தால் வாட் குறைவு என்று பொருள். வந்து சேரும் திரவம் முழுவதும் ஆவியாகாமல் தேங்குகிறது. சுவை காய்ந்து கமறலாக மாறினால் வாட் அதிகம், அல்லது இடைவெளி விடாமல் அடுத்தடுத்து இழுக்கிறோம். அரை நிமிடம் விட்டு இழுத்தும் கமறல் தொடர்ந்தால்தான் எண்ணைக் குறைக்க வேண்டும்.

ஏழாம் படி: வெப்பநிலைக் கட்டுப்பாடு

எவால்வ் நிறுவனம் 2014-இல் வெளியிட்ட டிஎன்ஏ 40 என்ற சில்லோடு பரவலான இந்த முறை, உலோகம் சூடாகும்போது அதன் மின்தடை கூடும் என்ற எளிய உண்மையைப் பயன்படுத்துகிறது. கருவியில் வெப்பமானி எதுவும் இல்லை. மின்தடை எவ்வளவு கூடியிருக்கிறது என்பதை அளந்து வெப்பநிலையை அது ஊகித்துக்கொள்கிறது. ஆகவே இம்முறையில் வாட் என்பது எவ்வளவு விரைவாகச் சூடேற வேண்டும் என்பதையும், வெப்பநிலை என்பது எங்கே நிற்க வேண்டும் என்பதையும் குறிக்கும்.

அமைக்கும் வழி இதுதான். முதலில் கம்பியின் உலோகத்தைப் பட்டியலில் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டியலில் இல்லையென்றால் வெப்பக் கெழுவை, அதாவது ஒரு டிகிரி சூட்டுக்கு மின்தடை எந்த விகிதத்தில் கூடும் என்பதை, எண்ணாகக் கொடுக்கலாம். எஸ்.எஸ். 316 எல்லுக்கு ஏறத்தாழ 0.0009, டைட்டானியத்துக்கு ஏறத்தாழ 0.0035, நிக்கலுக்கு ஏறத்தாழ 0.006 என்ற அளவுகள் வழக்கத்தில் உள்ளன. அடுத்து, காயில் முழுமையாகக் குளிர்ந்து அறை வெப்பநிலையில் இருக்கும்போது மட்டும் அதன் மின்தடையைக் கருவியில் அடிப்படை அளவாகப் பதிந்து பூட்ட வேண்டும். 200 டிகிரியில் தொடங்கி மெதுவாக ஏற்றி, பஞ்சுத் திரி இருக்கும்வரை 220 டிகிரியை ஒட்டி நின்றுவிடுவது பாதுகாப்பானது.

குளிர்ந்த நிலையில் பூட்டுவதை ஏன் இவ்வளவு வலியுறுத்த வேண்டும்? 0.50 ஓம் எஃகுக் காயிலை எடுத்துக்கொள்வோம். 20 டிகிரியிலிருந்து 220 டிகிரிக்குப் போகும்போது அதன் மின்தடை 0.59 ஓமாக மட்டுமே உயர்கிறது. 200 டிகிரி முழுவதும் அந்த 0.09 ஓமுக்குள் அடங்கிவிடுகிறது. இழுத்து முடித்த கையோடு, சூடு தணியாத காயிலை 0.52 என்று பூட்டிவிட்டால், திரையில் 220 என்று காட்டினாலும் காயில் உண்மையில் 270 டிகிரியைத் தாண்டிவிடும். டேங்கைக் கருவியோடு சேர்க்கும் 510 எனப்படும் திருகு இணைப்பில் படிந்த அழுக்கோ தளர்ந்த திருகோ சேர்க்கும் மின்தடையும் இதே அளவு தவறை உண்டாக்கக்கூடும் என்பதால், பூட்டுவதற்கு முன் இணைப்பைத் துடைத்து இறுக்கிக்கொள்ள வேண்டும். புதுக் காயிலா, பழைய காயிலா என்று கருவி கேட்கும் கேள்விக்கும் காயில் குளிர்ந்த பிறகே பதில் தர வேண்டும்.

திரையில் தெரியும் வெப்பநிலை காயில் முழுவதற்குமான சராசரி என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்; பஞ்சு சரியாகத் தொடாத ஓர் ஓரம் அதைவிடச் சூடாக இருக்கலாம். இன்னொரு சிறு குழப்பமும் அடிக்கடி நேர்கிறது: பல கருவிகள் ஃபாரன்ஹீட் அளவில் தொடங்குகின்றன. அதில் 220 என்று வைத்தால் அது வெறும் 104 டிகிரி செல்சியஸ்தான்; ஆவியே வராது. ஃபாரன்ஹீட்டில் வைக்க வேண்டிய எண் 428.

காந்தல் காயிலோடு வரும் எளிய கருவியை வைத்திருப்பவர்கள் இந்தப் படியை முழுவதுமாக விட்டுவிடலாம். அவர்கள் இழப்பது ஒன்றுமில்லை.

காயிலை மாற்றும் நேரம்

வழக்கமான பயன்பாட்டில் ஒரு காயில் ஒன்று முதல் இரண்டு வாரம் உழைக்கும். சுக்ரலோஸ் போன்ற இனிப்பூட்டி சேர்ந்த திரவங்கள் கம்பியின்மீது கரிய படிவை உண்டாக்குவதால் அந்தக் காலம் சில நாள்களாகச் சுருங்கிவிடலாம். சுவை மங்குவது, திரவம் காரணமின்றிக் கறுப்பது, முன்பு சரியாக இருந்த வாட்டிலேயே கருகல் வாடை எழுவது ஆகியவற்றில் எது தென்பட்டாலும் வாட்டை ஏற்றிச் சரிசெய்ய முயலாமல் காயிலை மாற்றிவிட வேண்டும். மாற்றிய பிறகு திரையில் தெரியும் ஓம் எண், காயிலில் பொறித்த எண்ணிலிருந்து 0.05-க்கு மேல் விலகியிருந்தால், பொத்தானை அழுத்துவதற்கு முன் காயிலைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பொருத்திப் பார்க்க வேண்டும். அப்போதும் எண் மாறவில்லையென்றால் அந்தக் காயிலைப் பயன்படுத்தக் கூடாது.