கிரீட் தீவில் கடற்கரை விடுமுறை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் நண்பர் ஒருவர், கிரேக்க நாட்டின் கிரீட் தீவுக்குத் தம் குடும்பத்துடன் செல்லப் போட்டிருந்த ஏழு நாள் திட்டத்தை அனுப்பிக் கருத்துக் கேட்டிருந்தார். ஏழு இரவுகளும் வடகரையில் உள்ள ஹெர்சோனிசோஸ் ஊரில் தங்கல். முதல் நாள் எலஃபோனிசி கடற்கரை, இரண்டாம் நாள் வாயி, மூன்றாம் நாள் பாலோஸ், நான்காம் நாள் கப்பலில் சாந்தோரினி தீவுக்குச் சென்று இரவே திரும்புதல். கடைசி வரியில், அறைக்கு முழுப்பணமும் கட்டியாகிவிட்டது என்றும் ரத்து செய்தால் திரும்ப வராது என்றும் எழுதியிருந்தார். பத்தாண்டுகளுக்கு முன் முதன்முறையாக அங்கே சென்றபோது நான் போட்ட திட்டமும் ஏறத்தாழ இதுவே என்பதால், படித்தவுடன் வருத்தமாக இருந்தது. தொப்பி, வெயிலுக்கான களிம்பு, கடவுச்சீட்டின் நகல் போன்றவற்றை எல்லோரும் அறிவார்கள். சொல்லாமல் விட்டால் பணத்தையும் நாட்களையும் தின்றுவிடும் தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

தீவு என்றால் சிறியது என்று நினைப்பது

கிரீட் கிழக்கு மேற்காக ஏறத்தாழ 260 கிலோமீட்டர் நீளமுள்ளது. அகலம் குறைவுதான், மிகக் குறுகிய இடத்தில் 12 கிலோமீட்டர், அகன்ற இடத்தில் 60 கிலோமீட்டர். ஆனால் அந்த அகலத்துக்குள் 2,400 மீட்டருக்கு மேல் உயர்ந்த இரு மலைத்தொடர்கள் நிற்கின்றன. வடகரையை ஒட்டி ஓடும் நெடுஞ்சாலையை விட்டுத் தெற்கே திரும்பிய கணத்திலிருந்து பாதை மலையைச் சுற்றிச் சுற்றித்தான் போகும். வரைபடத்தில் விரற்கடை அளவாகத் தெரிவது ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொள்ளும்.

நான் செய்த தவறு இதுதான். வடகரையின் நடுப்பகுதியில் உள்ள ஹெராக்லியான் விமான நிலையத்துக்குப் பயணச்சீட்டு மலிவாகக் கிடைத்தது என்பதற்காக அதை முதலில் எடுத்தேன். விமான நிலையத்துக்கு அருகில் இருக்கட்டும் என்று கிழக்கே 26 கிலோமீட்டர் தள்ளி விடுதி எடுத்தேன். அதன் பிறகே எந்தக் கடற்கரைக்குப் போகலாம் என்று தேடத் தொடங்கினேன். படங்களில் கண்ட எலஃபோனிசி, தீவின் தென்மேற்கு முனையில், ஹெராக்லியானிலிருந்தே 200 கிலோமீட்டருக்கு மேல் தொலைவில் இருந்தது. ஜூலை மாதத்தில் ஒரு நாள் காலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம். ஹானியா நகரைக் கடந்து மலைக்குள் நுழைந்ததும் வேகம் பாதியாகக் குறைந்தது. தொப்போலியா பள்ளத்தாக்கில் ஒரே ஒரு வண்டி மட்டும் நுழையக்கூடிய சுரங்கப்பாதை ஒன்று உண்டு. விளக்கு பச்சையாகும்வரை இரு பக்கமும் காத்திருக்க வேண்டும். வளைவுகளில் மகளுக்குக் குமட்டல் எடுத்ததால் இருமுறை நிறுத்தினோம். கடற்கரையை அடைந்தபோது பதினொரு மணி ஆகியிருந்தது. நிழற்குடை ஒன்றுகூட மிச்சமில்லை. திரும்பும் பயணத்தை நினைத்து மூன்று மணிக்கே கிளம்பிவிட்டோம்.

அன்று மாலை எரிபொருள் நிரப்ப நின்றபோது பின்னிருக்கையைத் திரும்பிப் பார்த்தேன். மணல் ஒட்டிய கால்களோடு, ஈரத் துண்டைப் போர்த்தியபடி மகள் உறங்கியிருந்தாள். வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று காகிதக் குவளையில் அவள் பிடித்து வைத்திருந்த கடல்நீர் மடியில் சிந்திக் காய்ந்து, உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. கடலில் இருந்தது நான்கு மணி நேரம். வண்டியில் இருந்தது ஒன்பது மணி நேரத்துக்கும் மேல். மறுநாள் யாருக்கும் எங்கேயும் போக மனமில்லை. விடுதியின் நீச்சல் குளத்தருகே படுத்துக் கிடந்தோம். ஓய்வுக்காகச் சென்ற வாரத்தில் இரண்டு நாட்கள் இப்படிக் கழிந்தன.

இன்றும் எனக்குக் கோபம் வருவது, இத்தவறைப் பிறர் வேண்டுமென்றே வளர்ப்பதைப் பார்க்கும்போது. கிழக்கில் இருக்கும் விடுதிகளின் வரவேற்பறைகளிலேயே எலஃபோனிசி ஒருநாள் சுற்றுலாவுக்கான சீட்டுகள் விற்கப்படுகின்றன. விடிவதற்கு முன் விடுதி விடுதியாக ஆட்களை ஏற்றிக்கொண்டு பேருந்து எத்தனை மணிக்கு அங்கே போய்ச் சேரும் என்பதை விற்பவர் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை.

ஆகவே வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் கடற்கரை, அடுத்து அறை, கடைசியில் விமானச்சீட்டு. எலஃபோனிசி, ஃபலசார்னா, பாலோஸ் ஆகியவை வேண்டுமென்றால் மேற்கே ஹானியாவிலோ கிசமோஸிலோ தங்க வேண்டும். பேரீச்ச மரக்காட்டை ஒட்டிய வாயி கடற்கரை வேண்டுமென்றால் கிழக்கு முனையில் சித்தியாவின் பக்கம் தங்க வேண்டும். இரண்டும் ஒரே வாரத்தில் வேண்டும் என்பவர்களிடம் ஒன்றை விட்டுவிடச் சொல்கிறேன். பத்து நாட்கள் இருந்தால் மட்டும், ஹானியா விமான நிலையத்தில் இறங்கி, பாதி நாட்களை மேற்கிலும் மீதியைக் கிழக்கிலும் கழித்து, ஹெராக்லியானிலிருந்து திரும்பலாம். அறையை உறுதி செய்யும் முன், அங்கிருந்து அரை மணி நேரத்துக்குள் நடந்தோ வண்டியிலோ போய்ச் சேரக்கூடிய, தினமும் போக மனம் வரும் கடற்கரை ஒன்றேனும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அறை எவ்வளவு மலிவாக இருந்தாலும் எடுக்க வேண்டாம்.

நண்பர் நான்கு இரவுகளுக்கான பணத்தை விட்டுக்கொடுத்து, தென்மேற்கே பாலியோஹோராவுக்கு மாறிக்கொண்டார். அந்த இழப்பு எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஒரு மாதம் முன்பே கேட்டிருந்தால் ஒரு யூரோவும் போயிருக்காது.

காற்றைக் கணக்கில் எடுக்காதது

கிரீட்டுக்கு வடக்கே உள்ள ஏஜியன் கடலில் கோடையில், குறிப்பாக ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில், வடக்கிலிருந்து மெல்தெமி என்னும் வறண்ட காற்று வீசும். வானம் தெளிவாக நீலமாக இருக்கும். ஒரு மேகமும் இருக்காது. ஆனால் வடகரைக் கடற்கரைகளில் அலை மூர்க்கமாகப் புரண்டு, சிவப்புக் கொடி ஏறிவிடும். இது தொடர்ந்து பல நாட்கள் நீடிப்பதும் உண்டு. மழை இல்லாத மாதம் என்று மட்டும் பார்த்து வருபவர்கள் இதை எதிர்பார்ப்பதில்லை.

கிரேக்க வானிலை அறிக்கைகள் காற்றின் வேகத்தைப் போபோர்ட் என்னும் எண் அளவுகோலில் சொல்லும். 6 என்றால் மணிக்கு 39 முதல் 49 கிலோமீட்டர் வேகம். அந்த எண்ணைப் பார்த்துவிட்டு வடகரைக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்லாதீர்கள். தென்கரையில் மலை மறைப்பதால் அலை அடங்கியிருக்கும். ஆனால் பள்ளத்தாக்குகளின் வாயில் காற்று திடீர் திடீரென்று பாய்ந்து மணலை முகத்தில் வாரி இறைக்கும். பாலியோஹோராவை நான் பரிந்துரைப்பதற்கு இதுவே முதற்காரணம். ஊர் ஒரு சிறு நிலமுனையின் மேல் இருக்கிறது. மேற்கே மணற்கரை, கிழக்கே கூழாங்கல் கரை. ஒன்றில் காற்று அடித்தால் மற்றதில் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். ஐந்து நிமிடம் நடந்து மறுபக்கம் போய்விடலாம்.

காற்று பலமாக இருந்தால் கப்பல்கள் புறப்படவும் தடை வரும். சாந்தோரினியிலிருந்து கப்பலில் வந்து அன்றே விமானம் பிடிக்கும் திட்டம் போடாதீர்கள். இடையில் ஓர் இரவு இருக்கட்டும்.

வாடகை வண்டியின் ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்திடுவது

இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் கட்டாயம் வேண்டும். அதை ஊரிலேயே எடுத்துக்கொண்டு வர வேண்டும். வாடகை ஒப்பந்தங்களில் பலவும் மண்சாலையில் ஏற்படும் சேதத்தையும், டயர், அடிப்பகுதி ஆகியவற்றின் சேதத்தையும் காப்பீட்டிலிருந்து விலக்கியிருக்கும். பாலோஸுக்குச் செல்லும் பாதையின் கடைசி எட்டு கிலோமீட்டர் அளவு கல்லும் குழியுமான மண்சாலை. அங்கே டயர் கிழிந்தால் முழுச்செலவும் உங்களுடையது. கிசமோஸ் துறைமுகத்திலிருந்து படகில் போவது நல்லது. வழியில் வெனிசியர் கட்டிய கோட்டை நிற்கும் கிராம்வூசா தீவையும் பார்த்துவிடலாம்.

ஆகஸ்ட் 15

கன்னி மரியாளின் பெருவிழா. கிரேக்கர்கள் எல்லோரும் பயணம் செய்யும் வாரம் அது, முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். செப்டம்பர் இறுதியிலும் கடல் வெதுவெதுப்பாகவே இருக்கும்.

விசாவுக்கு முன் பணம் கட்டுவது

கிரேக்கம் செல்லத் தேவையான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். அது கைக்கு வரும்வரை, ரத்து செய்யக்கூடிய அறை மட்டும்.

நிழல் இல்லாத கடற்கரைக்கு நண்பகலில் போவது

கடற்கரை அங்கே பொதுச்சொத்து. சொந்தத் துண்டை விரித்து அமர யாருடைய அனுமதியும் வேண்டாம். ஆனால் அழகிய கரைகள் பலவற்றில் ஒரு மரமும் கிடையாது. காலை ஒன்பது மணிக்குப் போய்ப் பன்னிரண்டுக்குத் திரும்பி, சாப்பிட்டு உறங்கி, ஐந்துக்கு மேல் மறுபடி போங்கள். ஜூன், ஜூலையில் எட்டரை மணிவரை வெளிச்சம் இருக்கும்.

மணலும் சிப்பியும்

எலஃபோனிசியின் இளஞ்சிவப்பு மணல் கடற்கரை முழுவதும் பரந்திருக்காது. நீர் விளிம்பில் பட்டையாகத்தான் தெரியும். அது பாதுகாக்கப்பட்ட இடம். ஒரு பிடி மணலைக்கூட எடுத்து வராதீர்கள். குழந்தைகளின் பைகளையும் கிளம்பும் முன் ஒருமுறை உதறிவிடுங்கள்.